‘ஆல்தோ… பட்’ முதல் ‘கேன் ஏபிள் டு’ வரை: பேச்சு ஆங்கிலம் எங்கே சிக்குகிறது, எப்படி எடுப்பது

பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பல வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னால் அலட்சியமாக நிரப்பிவிடுவார்கள். வாயைத் திறந்தால்தான் வண்டி நிற்கும். அதிலும் இரண்டு இடங்களில் கட்டாயம் நிற்கும். ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்று ஒன்றை இன்னொன்றுக்கு எதிராக வைக்கும் இடம் ஒன்று. ‘முடியும்’, ‘முடியாது’, ‘தெரியும்’ என்று சொல்ல வரும் இடம் இன்னொன்று.

இதற்கு ஆங்கில இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. தமிழில் இந்த வேலைகளைச் செய்யும் சொற்கள் ஒரு மாதிரி பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன, ஆங்கிலத்தில் வேறு மாதிரி. அதனால் கோளாறு வந்தால் முதல் சோதனை ஒன்றுதான்: பேசும்போது மனதில் ஓடிய தமிழ்ச் சொல் எது? அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் கோளாறு எதுவோ அங்கே நேராகப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கட்டுரையில் வரும் ‘குட்’ எல்லாம் ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம். பாராட்டும் ‘குட்’ அல்ல.

கோளாறு: ஒரே வாக்கியத்தில் ‘ஆல்தோ’வும் ‘பட்’டும்

“ஆல்தோ ஹீ இஸ் ரிச், பட் ஹீ இஸ் நாட் ஹேப்பி.”

மனதில் ஓடியது: “அவன் பணக்காரனா இருந்தாலும்கூட, ஆனா சந்தோஷமா இல்ல.” பேச்சுத் தமிழில் இப்படி இரண்டு முறை முடிச்சுப் போடுவது நமக்குப் பழக்கம், யாரும் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரு முடிச்சுதான். ‘ஆல்தோ’ வேண்டுமா, ‘பட்’டை எடுங்கள். ‘பட்’ வேண்டுமா, ‘ஆல்தோ’வை எடுங்கள். எதை எடுப்பது என்று தெரியவில்லை என்றால் ‘ஆல்தோ’வை எடுத்துவிடுங்கள். ஆங்கிலேயர்கள் வாயால் பேசும்போது அதிகம் புழங்குவது ‘பட்’தான். ‘ஆல்தோ’ கொஞ்சம் சட்டை இன் செய்துகொண்டு வரும் சொல்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘தோ’ என்று தொடங்கி நடுவில் ‘யெட்’ போடும் வழக்கம் உண்டு. அதைக் காட்டி ஒருவர் என்னோடு வாதாடினார். சரிதான், ஆனால் அது ‘யெட்’, ‘பட்’ அல்ல. அப்படி இன்று பேசினால் பிரசங்கம் செய்வதுபோல் இருக்கும்.

கோளாறு: நடந்து முடிந்ததைச் சொன்னேன், கேட்டவருக்குக் குழப்பம்

“ஈவன் இஃப் இட் ரெயின்ட், ஹீ கேம்.”

வகுப்பில் எனக்குப் பிடித்த கோளாறு இது. மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது.

‘ஈவன் தோ’ என்பது நடந்த விஷயத்துக்கு. மழை பெய்தது, அது உறுதி, அதை மீறி வந்தான். ‘ஈவன் இஃப்’ என்பது நடக்குமோ நடக்காதோ என்ற விஷயத்துக்கு. மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம், எப்படியும் வருவான். நாம் இரண்டுக்கும் ‘பெய்தாலும்’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். “மழை பெஞ்சாலும் வந்துட்டான்”, “மழை பெஞ்சாலும் வருவான்.” அங்கேதான் தடம் மாறுகிறது.

ஆனால் தமிழுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. “எவ்வளவு சொல்லியும் கேக்கல.” “நல்லா படிச்சும் மார்க் வரல.” “தெரிஞ்சும் ஏன் கேக்கற?” இந்தச் சொல்லியும், படித்தும், தெரிந்தும் எல்லாம் நடந்ததற்கு மட்டுமே வரும். “நாளைக்கு மழை பெய்தும் வருவேன்” என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். அதுதான் சோதனை.

உங்கள் வாக்கியத்தில் ‘பெய்தாலும்’ இருக்கும் இடத்தில் ‘பெய்தும்’ போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஈவன் தோ’. காதில் இடித்தால் ‘ஈவன் இஃப்’. இந்த ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுத்த அன்று வங்கிக் காசாளர் ஒருவர், “இத்தனை வருஷம் இதை யாரும் சொல்லலையே சார்” என்றார். எனக்கும் யாரும் சொல்லவில்லை. வகுப்பில் திணறித் திணறிக் கண்டுபிடித்ததுதான்.

கோளாறு: ‘டிஸ்பைட் ஆஃப்’

‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதில்தான் ‘ஆஃப்’ உண்டு. ‘டிஸ்பைட்’ தனியாகவே நிற்கும். இரண்டும் ஒரே பொருள் என்பதால் ஒன்றின் வால் இன்னொன்றில் ஒட்டிக்கொள்கிறது. இது சின்னக் கோளாறு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இதற்கு அடியில் ஒரு பெரிய கோளாறு ஒளிந்திருக்கிறது. “டிஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்” என்று முழு வாக்கியத்தையே பின்னால் தொங்கவிடுவது. ‘டிஸ்பைட்’ பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், அல்லது ‘இங்’ வடிவம் வர வேண்டும். “டிஸ்பைட் தி ரெயின்.” “டிஸ்பைட் நோயிங் தி ஆன்சர், ஹீ கெப்ட் கொயட்.”

இந்த இரண்டாவது உதாரணம் நம் ‘தெரிந்தும்’ மாதிரியே இருக்கிறது அல்லவா? ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். தமிழில் ‘மழை பெய்தும் அவன் வந்தான்’ என்றால் பெய்வது ஒன்று, வருவது ஒருவன், இரண்டு எழுவாய் இருந்தாலும் தமிழுக்குக் கவலையில்லை. ஆங்கிலத்தில் வெறும் ‘இங்’ போட்டால் இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்ததாகத்தான் படும். “டிஸ்பைட் ரெயினிங், ஹீ கேம்” என்றால் அவனே பொழிந்துகொண்டு வந்த மாதிரி ஆகிவிடும். ஆள் மாறுகிறது என்றால் பெயர்ச்சொல்லுக்குப் போங்கள், அல்லது பேசாமல் ‘ஈவன் தோ’வுக்கே திரும்பிவிடுங்கள்.

கோளாறு: ‘ஸ்டில் ஹீ ஹாஸ்ன்ட் கம்’

சொல்ல நினைத்தது: இன்னும் வரவில்லை. கேட்டவர் காதில் விழுந்தது: அப்படி இருந்தும் வரவில்லை.

‘ஸ்டில்’ வாக்கியத்தின் தலையில் நின்று, பின்னால் ஒரு சின்ன இடைவெளியும் விட்டால் அது ‘இன்னும்’ அல்ல, ‘இருந்தாலும்’. முன்னால் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்பவர் தேடுவார். ‘இன்னும்’ என்ற பொருளுக்கு அதை உள்ளே தள்ளுங்கள்: “ஹீ ஸ்டில் ஹாஸ்ன்ட் கம்.” தமிழில் ‘இன்னும்’ எங்கே வேண்டுமானாலும் உட்காரும். ஆங்கிலத்தில் இருக்கை எண் உண்டு.

சில சில்லறைக் கோளாறுகள்

‘ஆன் தி கான்ட்ரரி’ என்பதை ‘மாறாக’ என்று மனப்பாடம் செய்தவர்கள், “மை பிரதர் இஸ் டால், ஆன் தி கான்ட்ரரி ஐ ஆம் ஷார்ட்” என்பார்கள். அது ‘நீங்கள் நினைப்பது தப்பு, உண்மை நேரெதிர்’ என்று மறுக்கும்போது வருவது. அண்ணன் தம்பி உயரத்தை ஒப்பிட வெறும் ‘பட்’ போதும். கொஞ்சம் எழுத்துநடை வேண்டுமென்றால் ‘வேர்ஆஸ்’.

‘ஹவ்எவர்’ பேச்சில் வந்தால் அலுவலகக் கடிதத்தை வாசிப்பது மாதிரி இருக்கும். எழுத்தில், முந்தைய வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். காற்புள்ளி போட்டு ஒட்டவைக்கக் கூடாது. ‘பட்’டை வைத்து வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். மறந்துவிடுங்கள், ஆங்கிலேயர்கள் தாராளமாகத் தொடங்குகிறார்கள்.

கடைசியில் வரும் ‘தோ’ மட்டும் கற்றுக்கொண்டால் பேச்சின் சாயலே மாறிவிடும். “தி ரூம் இஸ் ஸ்மால். இட்ஸ் க்ளீன், தோ.” முதலில் குறையைச் சொல்லிவிட்டு, பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு நல்லதைச் சொல்வது. நாம் “சின்ன ரூம்தான், ஆனா சுத்தமா இருக்கு” என்போமே, அந்த ‘தான்’ செய்யும் வேலையில் ஒரு பங்கை இந்தத் ‘தோ’ செய்கிறது. ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் சிலர் இதே இடத்தில் ‘பட்’டையே கடைசியில் வைத்துப் பேசுவார்கள். கேட்டால் வாக்கியம் முடியவில்லை என்று காத்திருக்காதீர்கள், முடிந்துவிட்டது.

கோளாறு: ‘கேன் ஏபிள் டு’, ‘வில் கேன்’

“ஐ கேன் ஏபிள் டு டூ இட்.” நேர்முகத் தேர்வில் இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கும் என்று தெரியவில்லை.

‘கேன்’ என்றாலே முடியும். ‘ஏபிள் டு’ என்றாலும் முடியும். இரண்டையும் சேர்த்தால் “என்னால் முடிய முடியும்”. ஒன்றை எடுங்கள். நிகழ்காலத்தில் ‘கேன்’ போதும். அங்கே ‘ஏபிள் டு’ போடுவது தவறில்லை, கொஞ்சம் விறைப்பு.

பிறகு ‘ஏபிள் டு’ எதற்கு? ‘கேன்’ ஒரு ஊனமுள்ள வினைச்சொல். அதற்கு இருப்பது ‘கேன்’, ‘குட்’ என்ற இரண்டு வடிவம்தான். ‘டு கேன்’ கிடையாது, ‘கேனிங்’ கிடையாது, ‘வில்’ பின்னால் வராது, ‘ஹாவ்’ பின்னால் வராது. அது போக முடியாத இடத்துக்கெல்லாம் ‘ஏபிள் டு’ போகும்: “ஐ வில் பி ஏபிள் டு கம்”, “ஐ ஹாவ்ன்ட் பீன் ஏபிள் டு ஸ்லீப்.” பதிலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி இருக்கும்போது பதிலாள் தேவையில்லை.

(ஸ்காட்லாந்தின் சில பகுதிகளிலும் அமெரிக்காவின் தெற்கிலும் ‘மைட் குட்’ என்று இரண்டைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது அவர்கள் வட்டார வழக்கு. அதைச் சாக்காக வைத்து நாம் தப்பிக்க முடியாது.)

கோளாறு: ‘ஐ நோ ஸ்விம்மிங்’

நமக்கு மூன்று வழி உண்டு. நீச்சல் தெரியும். நீந்த முடியும். நீச்சல் வரும். “எனக்கு மலையாளம் வராது” என்பதில் உள்ள அழகு ஆங்கிலத்தில் இல்லை, போகட்டும். இந்த மூன்றுக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் ‘கேன்’ ஒன்றைத்தான் கொடுக்கிறது: “ஐ கேன் ஸ்விம்.” மொழி விஷயத்தில் இன்னும் எளிது: “ஐ டோன்ட் ஸ்பீக் மலையாளம்.” ‘நோ’ தான் வேண்டும் என்றால் ‘ஹவ் டு’வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஐ நோ டு ஸ்விம்’ என்று ‘ஹவ்’வை விழுங்குவதும் இங்கே பரவலான கோளாறு.

‘தெரியும்’, ‘முடியும்’ இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் பிரியுங்கள். கையில் கட்டுப் போட்டிருக்கிறது, கார் ஓட்டத் தெரியும், இன்று முடியாது: “ஐ நோ ஹவ் டு டிரைவ், பட் ஐ கான்ட் டிரைவ் டுடே.”

இதில் ஒரு வேடிக்கை. ‘கேன்’ என்பதன் ஆதிப் பொருளே ‘அறிதல்’தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘தெரியும்’ என்ற வினைச்சொல். ஸ்காட்லாந்தில் ‘கென்’ என்றால் இன்றைக்கும் ‘தெரியும்’. சூழ்ச்சிக்காரன் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘கன்னிங்’கூட அதே வேர்தான், முதலில் அதற்கு அறிவுள்ளவன் என்று பொருள். ‘நீச்சல் தெரியும்’ என்று நாம் யோசிப்பது அவர்கள் பாட்டன்கள் யோசித்தபடிதான். பேரன்கள் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டார்கள்.

கோளாறு: ‘முடித்துவிட்டேன்’ என்றேன், மேலாளர் ‘எப்போது முடிப்பாய்?’ என்கிறார்

“ஐ குட் ஃபினிஷ் தி ரிப்போர்ட்.”

நினைத்தது: அறிக்கையை முடிக்க முடிந்தது. கேட்டது: நீங்கள் சொன்னால் என்னால் முடிக்க முடியும். அவர் “சரி, முடியுங்கள்” என்கிறார். நீங்கள் நேற்றே முடித்துவிட்டீர்கள். ‘குட்’ என்பது ‘கேன்’னின் இறந்தகாலம் என்று பாதி உண்மையை மட்டும் பள்ளியில் சொன்னதன் விளைவு.

முழு உண்மை: பொதுவாக இருந்த திறமைக்கு ‘குட்’. ஒரே ஒரு தடவை, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் சாதித்ததற்கு ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’. கஷ்டப்பட்டு முடித்தது என்றால் ‘மேனேஜ்ட் டு’ இன்னும் பொருத்தம்.

எது பொது, எது ஒருதடவை என்று குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். “சின்ன வயசுல ஒரே மூச்சுல குளத்தைக் கடப்பேன்.” கவனித்தீர்களா? நடந்தது முப்பது வருடத்துக்கு முன்னால், வினையோ ‘கடப்பேன்’ என்று எதிர்கால உருவத்தில் நிற்கிறது. பழைய பழக்கத்துக்கும் திறமைக்கும் தமிழ் இப்படித்தான் போடும். அந்த இடத்தில் ‘குட்’. “நேத்து ஒரே மூச்சுல கடந்துட்டேன்”, “கடக்க முடிஞ்சுது” என்று தமிழ் இறந்தகாலத்துக்குப் போகிறதா? அங்கே ‘மேனேஜ்ட் டு’. அல்லது வெறும் இறந்தகால வினை: “ஐ ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்.” முடிந்த வேலைக்கு ‘முடிந்தது’ என்று சொல்ல அதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

இரண்டு விலக்குகள். எதிர்மறையில் கவலையே வேண்டாம்: “ஐ குடன்ட் ஃபினிஷ் இட்” ஒருதடவைக்கும் சரி, பலதடவைக்கும் சரி. பார்த்தல், கேட்டல், முகர்தல் போன்ற புலன்களுக்கு ஒருதடவைக்கும் ‘குட்’ வரும்: “ஐ குட் ஸ்மெல் காபி.”

‘குட்’ என்பதன் எழுத்துக்கூட்டலில் ஒரு ‘எல்’ சும்மா உட்கார்ந்திருக்கிறதே, அது ஆதியில் கிடையாது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் இருக்கிறது என்று இதற்கும் ஒட்டவைத்துவிட்டார்கள். உச்சரிக்கத் தேடாதீர்கள்.

கோளாறு: வருவேன் என்றேன், வரமாட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள்

இது எனக்கே நடந்தது. வேறு வேலையில் இருந்த காலம். வெளிநாட்டு மேலாளர் ஒருவர் தொலைபேசியில் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேட்டார். “ஐ கேன் கம்” என்றேன், தெளிவாக, ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி. அரை மணி நேரத்தில் மின்னஞ்சல்: நீங்கள் வர முடியாததால் கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டோம்.

தெளிவாகச் சொன்னதுதான் தப்பு. ஆங்கிலத்தில் ‘கேன்’ வாக்கியத்தின் நடுவில் வரும்போது உயிரெழுத்தே தேய்ந்து ‘க்ன்’ என்று ஆகிவிடும். அழுத்தம் எல்லாம் அடுத்த வினைக்கு: “ஐ க்ன் *கம்*.” எதிர்மறைதான் அழுத்தமாக வரும். பிரிட்டனில் ‘கான்ட்’ என்று நீட்டுவார்கள், அதனால் குழப்பம் குறைவு. அமெரிக்காவில் ‘கேன்ட்’, அதிலும் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். ஆக அமெரிக்கக் காதுக்கு, அழுத்தமான முழு ‘கேன்’ கேட்டாலே ‘கேன்ட்’ என்றுதான் படும். நாமோ எல்லா அசைக்கும் ஓரளவு சமமாக அழுத்தம் கொடுத்துப் பேசுகிறவர்கள்.

சரிசெய்ய: ‘கேன்’னை விழுங்குங்கள், வினையை அழுத்துங்கள். பழக்கம் வரும்வரை பாதுகாப்பான வழி, “யெஸ், ஐ கேன்” என்று முடித்துவிடுவது. கடைசியில் தனியாக நிற்கும் ‘கேன்’ தேயாது, முன்னால் ‘யெஸ்’ வேறு காவலுக்கு நிற்கிறது. முடியாது என்றால் ‘கேனாட்’ என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். விறைப்பாக இருக்கும், கூட்டம் மாறாது.

கோளாறு: ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’

“கேக்கல” என்பதன் நேர் வடிவம். ஆங்கிலேயர் புலன்களைத் திறமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்: “ஐ கான்ட் ஹியர் யூ.” “கேன் யூ ஸீ மை ஸ்க்ரீன்?” ‘ஆம் ஐ ஆடிபிள்?’ என்று இங்கே எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். புரியும், தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் லண்டன்காரர் “கேன் யூ ஹியர் மீ?” என்றுதான் கேட்பார்.

கோளாறு: ‘இட் கேன் ரெயின் டுமாரோ’

‘நாளைக்கு மழை பெய்யலாம்’ என்பதில் உள்ள ‘லாம்’ செய்த வேலை. அனுமதி கொடுப்பதற்கும் (‘நீ போகலாம்’), நடக்கக்கூடியதைச் சொல்வதற்கும் நாம் அதையே போடுகிறோம். குறிப்பிட்ட நாளைக்கு நடக்கக்கூடியது என்றால் ‘மே’, ‘மைட்’, ‘குட்’ மூன்றில் ஒன்று: “இட் மைட் ரெயின் டுமாரோ.” பொதுவாக ஒரு இடத்தின் இயல்பைச் சொல்லும்போதுதான் ‘கேன்’: “இட் கேன் கெட் வெரி கோல்ட் இன் ஊட்டி.”

அதே ‘லாம்’ இன்னொரு இடத்தில் அச்சாகப் பொருந்தும். “சொல்லியிருக்கலாமே!” என்று நாம் மனத்தாங்கலோடு சொல்வது அப்படியே “யூ குட் ஹாவ் டோல்ட் மீ!” முடிந்தும் செய்யவில்லை என்ற குறை இரண்டிலும் ஒரே அளவு. ‘ஹாவ்’வை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ‘யூ குட் டெல் மீ’ என்றால் ‘இப்போது சொல்லலாமே’ என்று ஆகிவிடும்.

கோளாறு: அவர் முடியும் என்றுதான் சொன்னார், வரவில்லை

இது நீங்கள் பேசியதில் இல்லை, கேட்டதில் உள்ள கோளாறு. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: “சார், கூட வேலை பார்க்கிறவங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ‘ஐட் லவ் டு, பட்…’ன்னு சொன்னாங்க. ஆசைன்னு சொல்லிட்டு ஏன் வரல?”

அந்த வாக்கியத்தில் ‘பட்’டுக்கு முன்னால் உள்ளதெல்லாம் மரியாதை, செய்தி முழுக்க அதற்குப் பின்னால். பின்னால் ஒன்றுமே வராமல் இழுத்து நிறுத்தினாலும் செய்தி வந்துவிட்டது என்று அர்த்தம். ‘ஐ குட், பட்…’ என்பதும் அப்படியே. நம் ஊரில் “வரலாம்தான்… பார்ப்போம்” என்று ஒரு மாமா சொன்னால் அவருக்கு இலை போடுவோமா?

“அட, அதுதானா சார்” என்று வைத்துவிட்டாள்.